வாசகர் கேள்வி: 641 என்னும் காரணி

கேள்வி: 4,294,967,297 முதன்மை எண்ணா? எங்கள் தோட்டப் பாடசாலையில் தரம் 11 பிள்ளைகள் 500 வரையுள்ள முதன்மை எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் மீதி வருகிறது.
– கணித ஆசிரியை, அட்டன்

பதில்: முதன்மை எண் அன்று. பிள்ளைகள் நிறுத்திய இடத்தை நினைத்தால்தான் மனம் பொறுக்கவில்லை. 500 வரை 95 முதன்மை எண்களைச் சோதித்தவர்கள் இன்னும் 21 எண்கள் சென்றிருந்தால் 641 அகப்பட்டிருக்கும். 641 ஐ 6,700,417 ஆல் பெருக்கினால் உங்கள் எண் மீதியின்றி வருகிறது.

2 இன் 32 ஆம் வலுவோடு 1 ஐக் கூட்டினால் கிடைப்பது இந்த எண். 2 இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களோடு 1 ஐக் கூட்டும்போது வரும் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்களாக இருப்பதைக் கண்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா, இவ்வரிசையில் அடுத்து வருபவையும் அவ்வாறே அமையும் என்று 1640 இல் கருதினார். அக்கருத்தை 1732 இல் ஒயிலர் இந்த எண்ணைக் கொண்டே தகர்த்தார். இதற்கு முதன்மைக் காரணி இருந்தால் அது 64 இன் மடங்கொன்றைவிட 1 கூடியதாகவே இருக்க வேண்டும் என்பதால், சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641 என்று சுருங்கிவிடுகின்றன. ஐந்தாவதிலேயே விடை கிடைக்கிறது. (95 முறை வகுத்துக் களைத்த பிள்ளைகளிடம் இதைச் சற்றுப் பக்குவமாகச் சொல்லுங்கள்.)

நீண்ட வகுத்தல் செய்யாமலே இதைக் கரும்பலகையில் நிறுவலாம். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்துவிட்டு எஞ்சியதை மட்டும் பதிவதுபோல, 641 இன் மடங்குகளைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் எழுதுங்கள். 5 × 128 = 640; இது 641 க்கு ஒன்று குறைவு என்பதால் மீதியைச் சய 1 (−1) எனக் கொள்ளலாம். 128 என்பது 2 இன் 7 ஆம் வலு. ஆகவே 640 இன் 4 ஆம் வலு, அதாவது 625 ஐ 2 இன் 28 ஆம் வலுவால் பெருக்கிய தொகை, மீதி 1 ஐத் தரும். ஆனால் 641 = 625 + 16 என்பதால் 625 இன் இடத்தில் சய 16 ஐ எழுதலாம்; 16 ஐ 2 இன் 28 ஆம் வலுவால் பெருக்கினால் 2 இன் 32 ஆம் வலு வருகிறது. அதன் சய எண்ணுக்கு மீதி 1 என்றால், அதற்கு மீதி சய 1; அதனோடு 1 ஐக் கூட்டினால் மீதி பூச்சியம்.

6,700,417 ஐ மேலும் பிரிக்க முடியுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதன் வர்க்கமூலம் 2,588 ஐச் சற்றே தாண்டுவதாலும், 500 வரை அவர்களே சோதித்துவிட்டதாலும், மேற்சொன்ன 64 இன் விதி இதன் காரணிகளுக்கும் பொருந்துவதாலும், 577, 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 என எட்டே எட்டு எண்கள்தாம் மிச்சம். அவற்றை வீட்டுவேலையாகக் கொடுங்கள். எட்டிலும் மீதி வரும்.