சில நாடுகளில் ஊழல் மலிந்திருக்க, சில நாடுகளில் குறைவாக இருப்பது ஏன்? மக்களின் குணம்தான் காரணமா?

குணத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை என்பது என் கருத்து.

முதலில் என் கதை. ஒரு தனியார் நிறுவனத்தில் பில் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். என் கையெழுத்து விழாமல் சப்ளையரின் பில் நகராது. எத்தனை நாளில் போட வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. ஒருமுறை பில் கட்டுக்குள் ஒரு கவர் இருந்தது. தப்பான பில்லைப் பாஸ் பண்ணச் சொல்லி அல்ல. சரியான பில்லைச் சீக்கிரம் பாஸ் பண்ணத்தான்! நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பக்கத்து மேஜைக்குக் கவர் போய்க்கொண்டுதான் இருந்தது. பிறகு, வந்த வரிசைப்படி ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கவர் நின்றுவிட்டது. ஆட்கள் அதே ஆட்கள்தான். விற்பதற்கு எங்களிடம் தாமதம் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

பொருளாதார அறிஞர் ராபர்ட் கிளிட்கார்ட் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார்: ஏகபோகமும் இஷ்டப்படி முடிவெடுக்கும் அதிகாரமும் சேர்ந்து, கேள்வி கேட்க ஆள் இல்லாவிட்டால், அது ஊழல்.

ஹாங்காங்கைப் பாருங்கள். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அங்கே தீ எரிந்துகொண்டிருக்கும்போதே, தண்ணீர் திறக்கத் தீயணைப்பு வீரர்கள் 'தேநீர்க் காசு' கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர் பெட்பேன் வாங்கவும் ஆயாவுக்குக் காசு தர வேண்டும். போலீசுக்குள் லஞ்சத்தை பஸ் என்று வைத்து ஒரு பேச்சு இருந்தது: பஸ்ஸில் ஏறிக்கொள் (பங்கு வாங்கு), இல்லையென்றால் பக்கத்தில் ஓடு (கண்டுகொள்ளாதே), முன்னால் மட்டும் நிற்காதே (தடுக்காதே). 1973இல் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி விசாரணையில் இருக்கும்போதே நாட்டைவிட்டு ஓடினார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதுவரை ஊழலை விசாரித்தது போலீசுக்குள்ளேயே இருந்த ஒரு பிரிவு. வேலியே பயிரை மேய்ந்த கதை. 1974இல் ஆளுநருக்கு மட்டுமே பதில் சொல்லும் தனி ஆணையம் அமைந்தது. காட்பரைப் பிடித்து வந்து சிறையில் போட்டார்கள்.

இதில் பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று. 1977இல் போலீஸ்காரர்கள் கொதித்தெழுந்து ஆணைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்தார்கள். அரசு இறங்கிவந்து, அந்த ஆண்டுக்கு முந்தைய பெரும்பாலான குற்றங்களை மன்னித்தது. எனக்கு அது கசக்கிறது. ஆனாலும் ஆணையம் பிழைத்தது அந்தச் சமரசத்தால்தானோ என்று தோன்றும். ஹாங்காங்வாசிகளின் குணம் அந்தச் சில வருடங்களிலா மாறியிருக்கும்?

குணத்தின் பங்கு எவ்வளவு என்று பார்க்க ஒரு விசித்திரமான ஆய்வு இருக்கிறது. நியூயார்க்கில் ஐ.நா.வுக்கு வந்த பல நாட்டுத் தூதர்கள் வண்டியை எங்கே நிறுத்தினாலும், தூதர்களுக்கு உள்ள சட்ட விலக்கால் 2002 வரை அபராதத்தை வசூலிக்க முடியவில்லை. குவைத் தூதர்கள் சகட்டுமேனிக்கு நிறுத்தினார்கள். கட்டாத அபராதச் சீட்டு ஸ்வீடன், நார்வே தூதர்கள் பெயரில் ஒன்றுகூட இல்லை. ஆக, ஊர்ப் பழக்கம் கூடவே வருகிறது. ஆனால் 2002இல், அபராதம் கட்டாவிட்டால் தூதரக நம்பர் பிளேட்டைப் பறிப்போம் என்றதும், மீறல்கள் கிட்டத்தட்ட 98 சதவீதம் சரிந்தன.

எண்ணெய் வளம் இன்னொரு காரணம். மக்களின் வரியை நம்பாமல் எண்ணெய்க் காசில் ஓடும் அரசுக்கு மக்களிடம் கணக்குச் சொல்லும் நிர்ப்பந்தம் குறைவு. நைஜீரியா கண்முன்னே இருக்கிறது. நார்வே தப்பியதற்குக் காரணம், எண்ணெய் கிடைப்பதற்கு முன்பே அங்கே நீதிமன்றமும் தணிக்கையும் வலுவாக இருந்ததுதான்.

கடைசியாக, 'சுத்தமான நாடு' என்ற பட்டத்தை அப்படியே நம்பாதீர்கள். வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்த லஞ்சத்தை 1999 வரை ஜெர்மனியில் வரிக்கணக்கில் செலவாகக் காட்டலாம். பல நாடுகளில் லஞ்சம் கொடுத்ததற்காக ஜெர்மன் நிறுவனமான சீமென்ஸ் 2008இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பெருந்தொகை அபராதம் கட்டியது. நைஜீரிய சர்வாதிகாரி சானி அபாச்சா சுருட்டிய பணத்தில் கோடிக்கணக்கான டாலர் கிடந்தது ஸ்விட்சர்லாந்து வங்கிகளில். வருடா வருடம் வரும் ஊழல் தரவரிசையோ ஒரு நாட்டின் அரசுத்துறை ஊழலைப் பற்றிய அபிப்பிராயத்தைத்தான் அளக்கிறது. அடுத்த நாட்டில் கொள்ளையடித்த பணத்தை 'சுத்தமான' நாட்டின் வங்கிகள் பூட்டி வைத்துக்கொள்வது அதில் கணக்கில் வராது.