கருவி வர ஆறு மாதம் இருக்கும்போது திட்டமிட என்ன இருக்கிறது?

கேள்வி: எங்கள் வட்டார அரசு மருத்துவமனைக்கு, காசநோய் முகாம்களுக்கென, செயற்கை நுண்ணறிவு மென்பொருளுடன் கூடிய கையடக்க எக்ஸ்ரே கருவி ஆறு மாதத்தில் வரவிருக்கிறது. அது வந்து சேர்வதற்கு முன்பே திட்டமிட என்ன இருக்கிறது?

ஆறு மாதம் போதுமா என்பதே என் சந்தேகம். நான் ஒரு மாவட்ட மருத்துவமனையில் ஆய்வக நுட்புநராக இருந்தவன். சளியில் காசநோய்க் கிருமியைக் கண்டறியும், நாங்கள் சிபிநாட் என்று அழைக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவி எங்களிடம் வந்த கதையிலிருந்தே உங்களுக்குப் பதில் சொல்ல முடியும்.

உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்த அந்தக் கருவி உண்மையிலேயே பெரிய முன்னேற்றம்தான். ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 10,000 கிருமிகள் இருந்தால்தான் நுண்ணோக்கியில் தென்படும் என்றால், இதற்குச் சுமார் 130 போதும். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். வேலையும் எளிது. சளியின் அளவைப்போல் இரு மடங்கு கரைசலைச் சேர்த்து, நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் வைத்திருந்து, இரண்டு மில்லியை உறிஞ்சி, ஒரு மாதிரிக்கு ஒன்றாகச் செலவாகும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியில் விட்டு மூடிக் கருவியில் வைத்தால் மீதியைக் கருவியே பார்த்துக்கொள்ளும்.

எங்களுக்கு வந்த கருவியோ நான்கு மாதம் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அறை வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பதால் ஏசி கேட்டோம். ஏசி வந்தபோது அதற்குத் தனி மின் இணைப்பு இல்லை. இணைப்பு கிடைத்தபோது அது ஜெனரேட்டரோடு சேர்க்கப்படவில்லை. ஒருவழியாக ஓடத் தொடங்கிய பின், சித்திரை வெயிலில் மின்சாரம் போன ஒரு மதியம், யுபிஎஸ் உதவியால் கருவி மட்டும் நிற்காமல் ஓட, ஏசி நின்ற அறையில் வெப்பமானி 36 காட்ட, நான்கு கார்ட்ரிட்ஜ்களும் பிழை என்று முடிந்தன. கருவிக்கு யுபிஎஸ் வாங்கியவர்களுக்கு அறைக்கும் மின்சாரம் வேண்டும் என்பது தோன்றவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வாங்கும் கோப்பில் அறையைப் பற்றிய பக்கமே கிடையாது.

இதெல்லாம் சில மாதங்களில் சரியாகிவிட்டது. சரியாக நெடுநாள் எடுத்தது, முடிவு நோயாளியிடம் போய்ச் சேரும் வழி. கருவி இரண்டு மணி நேரத்தில் சொன்ன ரிஃபாம்பிசின் எதிர்ப்பு முடிவு, மலையடிவாரக் கிராமத்துக்காரர் ஒருவருக்கு ஒன்பதாம் நாள்தான் தெரிந்தது. நான் அன்றே பதிவேட்டில் எழுதினேன், கணினியிலும் ஏற்றினேன். ஆனால் அவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியவர் யார் என்று எவரும் தீர்மானித்திருக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் அவர் பயன் தராத மாத்திரைகளையே விழுங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் மட்டும் இப்படி நடந்ததாக எண்ண வேண்டாம். 2011இல் நாடு முழுவதும் நுண்ணோக்கிக்குப் பதிலாக இக்கருவியைக் கொண்டுவரத் தொடங்கிய தென்னாப்பிரிக்காவில், இரு முறைகளையும் ஒப்பிட்டு நடந்த எக்ஸ்டெண்ட் ஆய்வில் இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கருவி துல்லியமாகவே கண்டறிந்தது. கண்டறிதலுக்குப் பின் உள்ள சங்கிலி பழையபடியே இருந்தது.

இனி உங்கள் எக்ஸ்ரே கருவிக்கு வருகிறேன். இதில் அறையும் ஏசியும் பெரிய சிக்கலல்ல. எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்கென்றே செய்யப்பட்டது. கதிர்வீச்சுக் கருவி என்பதால், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமத்துக்கான வேலையை மட்டும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். பயிற்சி பெற்று அதை இயக்கப்போகிறவர் யார், அவர் விடுப்பில் போனால் யார் என்று இரண்டு பெயர்கள் வேண்டும்.

நீங்கள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டிய இடம், பலர் கம்பெனி பொறியாளரிடம் விட்டுவிடுகிற ஒரு சிறிய எண். இந்த மென்பொருள் படத்தைப் பார்த்துக் காசநோய் உண்டு, இல்லை என்று தானாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரு மதிப்பெண் தருகிறது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ற வரம்பை நாம்தான் வைக்க வேண்டும். 2021இல் இத்தகைய மென்பொருளை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமும், அந்த வரம்பை அந்தந்த இடத்துக்கேற்ப வகுத்துக்கொள்ளவே சொல்கிறது. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: முகாமில் 200 பேருக்குப் படம் எடுக்கிறீர்கள், வரம்பு உயர்வாக இருந்தால் 10 பேரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம், தாழ்வாக இருந்தால் 40 பேரை. ஒரே நேரத்தில் நான்கு மாதிரிகளை வைக்க நான்கு மாட்யூல் (தனித்தனி அறை) கொண்ட சிபிநாட் ஒரு வேலைநாளில் 12 முதல் 16 மாதிரிகளைத்தான் பார்க்கும். ஆகவே அந்த எண்ணை நீங்கள் மாற்றும்போது ஆய்வகத்தின் வேலையையும், கார்ட்ரிட்ஜ் கொள்முதலையும், சளிக் குப்பிகளைக் கொண்டு வரும் வண்டியையும் சேர்த்தே மாற்றுகிறீர்கள். வரம்பை மிக உயர்த்தினாலோ நோயாளி தப்பிப் போவார். எனவே மருத்துவ அலுவலர், ஆய்வகத்தார், மாவட்டக் காசநோய் மையத்தார் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கையிலிருக்கும் கார்ட்ரிட்ஜ் எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது அது. கருவி வந்த பிறகு அந்தக் கூட்டத்தைக் கூட்ட முடியாது. வந்த மறுநாளே முகாம் தேதி குறித்துவிடுவார்கள்.

முகாமில் சந்தேகத்துக்குரியவர் என்று தெரிந்தவரிடம் அங்கேயே, அவர் வீட்டுக்குக் கிளம்பும் முன், சளி மாதிரியையும் தொலைபேசி எண்ணையும் வாங்கிவிட ஏற்பாடு செய்யுங்கள். நாளை வாருங்கள் என்று சொன்னால் கூலி வேலைக்குப் போகிறவர் வரமாட்டார்.

கடைசியாகப் பராமரிப்பு. உத்தரவாதக் காலம் முடிந்த மூன்றாம் மாதம் எங்கள் கருவியின் நான்கில் ஒரு மாட்யூல் நின்றது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு நிதித் தலைப்பு எதுவென்று கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தபோதே இரண்டாவதும் நின்றது. உத்தரவாதம் முடியும் தேதியையும், அதற்குப் பின் பணம் எந்தத் தலைப்பில் வரும் என்பதையும், இப்போது தயாராகிக்கொண்டிருக்கும் கோப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.