காசு கட்டுமுன் கற்றற்பேறுகளைக் கேட்டு வாங்குங்கள், அம்மா

களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாமல் கம்பஸ் கிடைக்கவில்லை, டவுனில் ஒரு தனியார் நிறுவனம் ஏசி வேலைக்கு ஒரு வருட 'சர்வதேச டிப்ளோமா' தருகிறதாம், நகையை அடகு வைத்தாவது சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நகை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். மகன் எடுத்த துறை நல்ல துறைதான். பாசிக்குடா ஹோட்டல்களிலும் கல்முனைக் கடைகளிலும் வளைகுடாவிலும் அதற்கு ஆள் தேவைப்படுகிறது. அந்தப் பாடநெறி அவன் கைக்கு எதைப் பழக்கப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பிரசுரத்தில் கற்றற்பேறுகள், அதாவது படித்து முடித்தவர் எதைச் செய்ய வல்லவராவார் என்ற தலைப்பின் கீழ் "குளிரூட்டலின் அடிப்படைகளை விளங்கிக்கொள்வார்", "நவீன தொழில்நுட்ப அறிவைப் பெறுவார்" என்று இருக்கிறது. வேலைத்தலத்தில் யாரும் இதைக் கேட்கப் போவதில்லை. செப்புக் குழாயை வெட்டிப் பிசிறு எடுத்து ஃபிளேயர் அடிக்க (இணைப்புக்காகக் குழாயின் வாயை விரிக்க) வருமா, நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்க்க வருமா என்றுதான் கேட்பார்கள். வெக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுத்த பிறகுதான் குளிரூட்டும் கேஸ் விட வேண்டும்; அதையும் தராசில் நிறுத்து விட வேண்டும். இப்போது வரும் ஆர் 32 தீப்பற்றக் கூடிய கேஸ். பழைய ஆர் 22 இல் வேலை பழகிய கை அதே பழக்கத்தில் இதைத் தொடுவது ஆபத்து. 'விளங்கிக்கொள்வார்' என்ற ஒரு சொல்லுக்குள் இதெல்லாம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தொழிலிலும் ஒருவர் எதையெல்லாம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும், எந்தத் தரத்தில் செய்ய வேண்டும் என்று தொழில்துறை ஆட்களையும் சேர்த்துக்கொண்டு எழுதப்பட்ட தேசிய தேர்ச்சி நியமங்கள் உள்ளன. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்க்கலாம். ஆங்கிலமாக இருந்தால் மகனே அகராதியோடு இருந்து வாசிக்கட்டும். இந்தத் தொழிலில் நிற்கப் போகிறவனுக்கு அந்த ஆங்கிலம் எப்படியும் வேண்டும்.

நியமத்தையும் பிரசுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நியமத்தில் உள்ள ஒவ்வொரு வேலையும் பிரசுரத்தில் வருகிறதா என்று பென்சிலால் அடையாளம் போடச் சொல்லுங்கள். வராதவற்றை எழுதிக்கொண்டு நிறுவனத்துக்கு நேரே போங்கள். இது எத்தனையாம் மாதம் பழக்கப்படும்? ஒரு மெஷினுக்கு எத்தனை பிள்ளைகள்? கடைசியில் பார்த்துத் தேர்ச்சி சொல்வது யார்? போன பிரிவுப் பிள்ளைகள் வேலைத்தலப் பயிற்சிக்கு எந்த இடத்துக்குப் போனார்கள்? வேலைக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம் அம்மா, உங்கள் காசு.

"நாங்கள் பதிவு செய்த நிறுவனம்" என்று சொல்வார்கள். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பாடநெறிக்குத் தரச்சான்று பெறுவது வேறு விடயம். இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமை உண்டா, எந்த மட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். மட்டம் 4 எடுத்தவன் தொழில் கைவந்தவன். மட்டமே இல்லாத 'டிப்ளோமா' பெயரளவில் பெரிதாக இருந்தாலும் இந்த ஏணியில் அதற்குப் படி கிடையாது.

என்.வி.கியூ. என்றால் படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். அங்கே வினாத்தாள் மட்டும் எழுதிவிட்டு வர முடியாது, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். மேலே போகவும் வழி உண்டு. பல்கலைக்கழகப் பட்டங்களையும் படிப்படியாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் என்.வி.கியூ. மட்டம் 5 மூன்றாம் படிக்கும், 6 நான்காம் படிக்கும் சமம். அங்கிருந்து இரத்மலானையில் உள்ள தொழிற்கல்வித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் (யுனிவோடெக்) பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

அதனால் முதலில் மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் அடுத்த சேர்ப்பு எப்போது, இந்தத் துறையில் எந்த மட்டம் வரை இருக்கிறது என்று விசாரியுங்கள். அரச இடத்தில் கிடைத்தால் நான் அதைத்தான் சொல்வேன். சில மாதம் காத்திருக்க நேர்ந்தால், ஊரில் ஏசி வேலை செய்யும் யாரோடாவது மகனை அனுப்பி வையுங்கள். ஸ்பானர் பிடித்த கையோடு வகுப்புக்குப் போவான். தனியார் நிறுவனம் என் கேள்விகளுக்கெல்லாம் எழுத்தில் பதில் தந்து, மட்டம் 4ஐயும் காட்டினால் அதையும் தாராளமாக யோசிக்கலாம்.

"இந்தக் கிழமைக்குள் முற்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்றார்களாமே. அதற்குப் பயந்து கட்ட வேண்டாம். பிரதேச செயலகத்தில் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் பிரசுரத்தைக் காட்டுங்கள். போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விகளை அவனே கேட்கட்டும்.