கணினிச் சந்தேகம்: பழைய வழு எண்ணை என்ன செய்வது?

அக்கா, நாங்கள் நாலு பேர் சேர்ந்து, பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழை யூனிகோடுக்கு மாற்றும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை 2007 முதல் நடத்துகிறோம். வழுப் பட்டியல் (மென்பொருளில் கண்ட பிழைகளின் பட்டியல்) பக்ஸில்லா என்ற மென்பொருளில், நண்பர் வீட்டுக் கணினியில் ஓடுகிறது. அவர் வேலை மாறி வெளியூர் போகிறார். ஆயிரத்துச் சொச்சம் வழுக்களையும், நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்து, ஸ்கிரிப்டும் எழுதிவிட்டோம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்போகிறோம். வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

இந்த ஞாயிறு வேண்டாம் தம்பி. அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், வழு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் 412-ஆம் வழுவை பக்ஸில்லா மட்டுமா தெரிந்து வைத்திருக்கிறது? கோடுக்கு (நிரல் வரிகளுக்கு) நடுவே யாரோ "இந்த வரியைத் தொடாதே, 412 பார்க்க" என்று எழுதி வைத்திருப்பார். கோடை மாற்றும்போதெல்லாம் எழுதும் கமிட் செய்திகளில் இருக்கும், வெளியீட்டுக் குறிப்புகளில் இருக்கும். பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போனால் தபால்காரர் என்ன செய்வார்?

கிட்ஹப்பில் இந்த எண்தான் வேண்டும் என்று கேட்டு வாங்க முடியாது. அங்கே வழுவுக்குப் பெயர் இஷ்யூ, என் திருத்தத்தைச் சேருங்கள் என்று அனுப்பும் கோரிக்கைக்குப் பெயர் புல் ரிக்வெஸ்ட். போதாக்குறைக்கு இரண்டுக்கும் ஒரே எண் வரிசை. கோடு முன்பே அங்கே போய் அறுபது புல் ரிக்வெஸ்ட் வந்திருந்தால், உங்கள் முதல் வழு 61 ஆகத்தான் பிறக்கும். பைத்தான் என்ற நிரல்மொழிக்காரர்களுக்கு இதுதான் நடந்தது. கோடு 2017 பிப்ரவரியில் கிட்ஹப்புக்குப் போய்விட்டது. வழுப் பட்டியலோ 2022 ஏப்ரல் வரை ரவுண்டப் என்ற மென்பொருளிலேயே கிடந்தது. அதற்குள் புல் ரிக்வெஸ்ட் எண் முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டதால், வழுக்கள் எல்லாவற்றுக்கும் புது எண்தான். பழைய எண்ணுக்கு முன்னால் பிபிஓ, புது எண்ணுக்கு முன்னால் ஜிஎச் என்று போட்டுக் குழப்பத்தைத் தவிர்த்தார்கள். பழைய தளத்தைப் படிப்பதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, பழைய எண்ணைக் கொடுத்தால் புது இடத்துக்குக் கொண்டுபோய் விடும்படியும் செய்தார்கள்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா செய்தது எனக்கு இதைவிடப் பிடிக்கும். 2014 நவம்பரில் பக்ஸில்லாவிலிருந்து ஃபேப்ரிகேட்டர் என்ற மென்பொருளுக்குப் போனபோது, ஒவ்வொரு வழு எண்ணோடும் 2000-ஐக் கூட்டினார்கள். வழு 1 இப்போது டி2001. (ஆவணங்கள் பழசாகக் கிடக்கின்றன என்பதுதான் அந்த முதல் வழு. அந்தக் குறை எங்கேதான் தீர்ந்திருக்கிறது!) எழுபதாயிரத்துக்கு மேல் வழுக்கள், அட்டவணையே தேவையில்லை, மனக்கணக்குப் போதும். லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் 2015-இல் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு முன்னொட்டை மட்டும் மாற்றியது. ஆனால் அது பக்ஸில்லாவிலிருந்து பக்ஸில்லாவுக்கே போன பயணம், அதனால் முடிந்தது.

உங்களுக்கும் ஒரு வழி உண்டு. கிட்ஹப்பில் உங்கள் களஞ்சியம் (கோடும் வழுவும் இருக்கும் இடம்) இன்னும் புதிதாக, ஒரு புல் ரிக்வெஸ்ட் கூட வராமல் இருந்தால், வழுக்களை 1, 2, 3 என்று வரிசையாக, ஒன்று ஏறி முடிந்த பிறகு அடுத்தது என்று ஏற்றுங்கள். நடுவில் எண் விட்டுப்போன இடத்தில் "காலி" என்று ஒரு இஷ்யூ போட்டு மூடிவிடுங்கள். வேகத்துக்கு ஆசைப்பட்டு நாலைந்தை ஒரே நேரத்தில் அனுப்பினால் வரிசை கலைந்துவிடும். கலைந்தால் இஷ்யூவை அழித்தும் பயனில்லை, போன எண் திரும்பி வராது. களஞ்சியத்தையே நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால்தான் ஒரு வாரம் கேட்டேன். முதலில் யாருக்கும் தெரியாத தனிக் களஞ்சியத்தில் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

இனி நான் பட்ட அவமானம். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன பைத்தான் நிரலின் வழுக்களை இப்படித்தான் ஏற்றினேன். ராத்திரி பதினொன்றுக்கு ஸ்கிரிப்டை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி: "எனக்கு ஏன் இத்தனை மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள்?" பைத்தானில் சில வரிகள் அட் குறியோடு (@) தொடங்கும் அல்லவா? பழைய பின்னூட்டங்களில் அப்படிக் கோடு ஒட்டியிருந்தார்கள். கிட்ஹப் அதை ஆளைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் கணக்கு வைத்திருந்த அப்பாவியைத் தட்டி எழுப்பியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன், நல்ல மனுஷர். கோடு வரும் இடங்களைக் கோடு என்று அடையாளமிட்டு ஏற்றுங்கள். "பின்னூட்டம் 12" என்று சொல்ல பக்ஸில்லாவில் எண்குறி (#) போட்டிருப்பார்கள், அதுவும் 12-ஆம் வழுவுக்கு இணைப்பாக மாறிவிடும்.

ஏற்றுவது உங்கள் கணக்கு என்பதால் எல்லா வழுவும் நீங்களே அன்று எழுதியதுபோல் தெரியும். முதல் வரியிலேயே யார், எந்தத் தேதியில் எழுதினார் என்று சேர்த்துவிடுங்கள். பெயர் போதும், மின்னஞ்சல் முகவரி வேண்டாம். பக்ஸில்லாவில் குழுவுக்கு மட்டும் என்று பூட்டிய பாதுகாப்பு வழுக்கள் இருந்தால் அவற்றை முதலில் பிரித்தெடுங்கள். ஸ்கிரிப்டுக்குப் பூட்டு தெரியாது, தரவுத்தளத்தில் உள்ளதை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் கடைவீதியில் கொட்டிவிடும்.

ஒத்திகை முடிந்ததும் தமிழில் எழுதிய பழைய பின்னூட்டம் ஒன்றைத் திறந்து பாருங்கள். தலையில் சின்னக் கீற்றுப் போட்ட லத்தீன் 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடியும் 'ஏ', மறுபடியும் 'ஆர்' என்று வந்தால் பதற வேண்டாம், தமிழ் பத்திரமாகத்தான் இருக்கிறது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். தரவுத்தளம் அதை லத்தீன்-1 என்ற ஐரோப்பிய எழுத்துமுறை என்று நினைத்து மூன்று தனி எழுத்தாகப் படிக்கிறது, அவ்வளவுதான். தரவை வெளியே எடுக்கும்போதே சரிசெய்யுங்கள். 2007-இல் யாராவது டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதியிருந்தால் அது வேறு கதை. ஆனால் அதை மாற்ற உங்களைவிட்டால் யார்? உங்கள் மென்பொருளின் வேலையே அதுதானே.

*

கிட்ஹப் மைக்ரோசாஃப்ட் கையில் இருக்கிறது. அங்கிருந்து கோட்பெர்க் என்ற அதுபோன்ற வேறு தளத்துக்குப் போக எங்கள் குழுவில் ஒரு பேச்சு. தீர்ந்துபோன பழைய வழுக்களை விட்டுவிட்டுப் போகலாமா?
– வாசகி, சேலம்

தாராளமாகப் போங்கள். பழையதை அழிக்காமல் அங்கேயே விட்டு வைத்தால் போதும். ஜிக் என்ற நிரல்மொழிக்காரர்கள் 2025 இறுதியில் அப்படித்தான் செய்தார்கள். பழைய இஷ்யூக்கள் கிட்ஹப்பிலேயே இருக்க, கோட்பெர்க்கில் எண்ணை 30000-லிருந்து தொடங்கினார்கள். ஒரு எண்ணைப் பார்த்ததும் அது எந்த வீட்டுடையது என்று தெரிந்துவிடும்.

முதலாளி யார் என்று பார்ப்பது சரிதான் அம்மா, ஆனால் அதை மட்டும் பார்த்துப் பயனில்லை. விக்கிமீடியா போன ஃபேப்ரிகேட்டர் கட்டற்ற மென்பொருள்தான். 2021-இல் அதை உருவாக்கிய நிறுவனமே பராமரிப்பை நிறுத்திவிட்டது, ஃபோர்ஜ் என்ற பெயரில் பயனர்கள் கிளை பிரித்துத் தொடர வேண்டியிருந்தது. புது இடத்தில் முதல் இஷ்யூ போடும் அன்றே, எல்லாவற்றையும் வெளியே எடுக்கும் ஸ்கிரிப்டையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அது ஓடவில்லை என்றால் அன்றைக்கே வேறு இடம் தேடலாம், ஒரு இஷ்யூதானே போயிருக்கும்.