1980களின் பேஸ்பால் கார்டு பாக்கெட்டுகளைப் பிரித்தால் லாபம் வருமா?

பெரும்பாலும் வராது. 1980களின் பிற்பகுதியிலும் 90களின் தொடக்கத்திலும் அமெரிக்க நிறுவனங்கள் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட இந்தக் கார்டுகளை அச்சடித்துக் குவித்தன. விலை ஏறும் என்று வாங்கியவர்களும் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கும் பொருளுக்கு ஏது விலை? டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட, மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் கார்டு ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்குப் போனது வேறு கதை: அந்தக் காலத்துப் பிள்ளைகள் கார்டுகளை வைத்து விளையாடியே தொலைத்தார்கள், விற்காமல் கிடந்த பெட்டிகளை டாப்ஸ்காரர்களே பின்னாளில் கடலில் கொட்டினார்கள்.

அப்புறம், பழைய டாப்ஸ் பாக்கெட்டுக்குள் சூயிங்கம் துண்டு ஒன்று இருக்கும். அதன் கறை படிந்த கார்டுக்கு மதிப்பு குறைவு. கம்மை வாயில் போட்டுவிடாதீர்கள்! அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 பாக்கெட் என்றால் நான் பிரித்துப் பார்ப்பேன். கென் கிரிஃபி ஜூனியர் என்ற பிரபல ஆட்டக்காரரின் அறிமுகக் கார்டு அதில் வரலாம்.