கடலில் ஓடிய பழைய கேபின் படகை மஸ்கெலியாவுக்கு வாங்கலாமா?

நீர்கொழும்பில் 22 அடி பைபர் படகு, அவுட்போர்ட் என்ஜினோடு மலிவாக வருகிறது, மஸ்கெலியாவின் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம், முதலில் அங்கே ஓட்ட அனுமதி கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

படகில் நான் முதலில் பார்ப்பது என்ஜின் தொங்கும் பின்பலகையைத்தான். ஸ்குரூட்ரைவர் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். 'டக் டக்' என்றால் நல்லது. 'பொத்' என்றால் உள்ளே மரம் ஊறிவிட்டது. என்ஜினின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகையும் அசைந்தால், விலை பேசாமலே பஸ் ஏறிவிடுங்கள்.

அடுத்து கியர் ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சிலிண்டர்களின் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம், ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது.

பலர் மறப்பது இது: என்ஜின் உலோகம் அரிக்காமல் தானே கரைந்து காக்கும் கட்டிதான் அனோட். கடலுக்குப் போட்ட துத்தநாக அனோட் நன்னீரில் மேல்படை பிடித்து வேலை செய்யாது, மெக்னீசியம் அனோடாக மாற்றுங்கள். மவுசாகலை 1,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிவதால் சாதாரண என்ஜின் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். புரொப்பெல்லரின் பிட்ச்சை (ஒரு சுற்றில் முன்னேறும் தூரத்தை) ஓர் அங்குலமோ இரண்டோ குறைத்தால் சமாளிக்கலாம்.

வறட்சியில் தண்ணீர் இறங்கினால் நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில்கூட வெளியே தெரியும். அது முழுதாகத் தெரிவதற்கு முந்திய வாரங்களில், தண்ணீருக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும்போதுதான் புரொப்பெல்லருக்கு ஆபத்து, அந்தப் பக்கம் மெதுவாகப் போங்கள்.