ஆமை எறும்பு வளர்ப்பு: கேட்டதும் சொன்னதும்

செபலோட்டஸ் பேரினத்து எறும்புகளை ஆமை எறும்பு என்கிறோம். அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளில், பட்ட குச்சிகளுக்குள் வண்டு குடைந்துவிட்டுப் போன துளைகளில் குடியிருப்பவை. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தாலும் வளர்ப்பவர்கள் கைக்கு வருவது அபூர்வம். இவற்றைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

மண்ணில் வாழும் எறும்புகளை நன்றாகவே வளர்த்திருக்கிறேன். அதே பிளாஸ்டர் கூடு இவற்றுக்கும் ஒத்துவருமா?

ஒத்துவராது. பிளாஸ்டர் கூடு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றுக்கு அறை உலர்ந்திருக்க வேண்டும், சுற்றியுள்ள காற்றில் மட்டும் மிதமான ஈரப்பதம் போதும். கெட்டியான மரத்துண்டில் நீளவாக்கில் பள்ளம் வெட்டி, மேலே கண்ணாடி வைத்து மூடிவிடுங்கள். பள்ளத்துக்குள் எறும்பு நுழைந்து திரும்ப இடம் இருந்தால் போதும். அகலமான அறை கொடுத்தால் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தில் குப்பையைக் கொட்டும். வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். தண்ணீரைக் கூட்டுக்குள் வைக்காமல், இரை தேடும் வெளிப்பெட்டியில் பஞ்சு அடைத்த சிறு குழாயில் வையுங்கள்.

வாசல் அளவு முக்கியம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, ஏன்?

இவற்றின் வாழ்க்கையே அந்த வாசலை ஒட்டித்தான் நடக்கிறது. பல இனங்களில் படைவீரர் எறும்பின் தலை தட்டையான வட்டத் தட்டு போல இருக்கும். அது கூட்டின் வாயில் வந்து நின்று தலையாலேயே துளையை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் மரப்பட்டையில் ஒரு கரும்புள்ளி தெரியும், அவ்வளவுதான். வெளியே போன வேலைக்கார எறும்பு திரும்பி வந்து உணர்கொம்பால் அந்தத் தட்டைத் தொடும். தலை கொஞ்சம் பின்வாங்கும், வந்தது உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகும், உடனே கதவு மூடிவிடும். நான் இந்த எறும்பை வளர்ப்பதே இந்த ஒரு காட்சிக்காகத்தான்.

தலையால் முழு வாசலையும் அடைக்கும் இனங்கள், ஒரு தலை அளவே உள்ள துளைகளைத் தேடிப் பிடிக்கின்றன. வாசல் பெரிதானால் காவல் நிற்காது. கூட்டம் ஒடுங்கிக் கிடக்கும், இரை தேடவும் அதிகம் வெளியே வராது. படைவீரரை அளவுகோல் பக்கத்தில் நிற்கும்போது படமெடுத்து, தலையின் அகலத்தைக் கணக்கிடுங்கள். அதைவிட ஒரு மயிரிழை கூடுதலாகத் துளை போடுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று அளவில் துளை போட்டு வையுங்கள், எது வேண்டும் என்று அவையே முடிவு செய்யும்.

என் கூட்டத்தில் படைவீரர் ஒன்றுகூட இல்லை. நோயா?

நோய் இல்லை. புதிய கூட்டத்தில் முதலில் சிறிய வேலைக்காரர்கள்தான் பிறக்கும். கூட்டம் பெருகிய பிறகே படைவீரர் வரும். அதுவரை பொறுத்திருங்கள்.

அண்ணா, சாப்பாட்டுக்கு என்ன கொடுப்பது? புழு, ஈ எதுவும் தொடமாட்டேன் என்கிறது.

தொடாமல் இருப்பதுதான் இயல்பு. காட்டில் இவை மகரந்தம், செடிப்பேன் சுரக்கும் இனிப்பு நீர், பூந்தேன் ஆகியவற்றில் காலம் தள்ளும். பறவை எச்சத்தையும் விடாது. புரதம் இவ்வளவு குறைந்த உணவில் எப்படி உயிர் வாழ்கின்றன என்ற கேள்விக்கு 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதில் சொன்னது: குடலில் வாழும் பாக்டீரியா, கழிவாகப் போக வேண்டிய யூரியாவிலிருந்து நைட்ரஜனை மீட்டு, எறும்புக்குத் தேவையான அமினோ அமிலங்களாக்கித் தருகிறது.

ஆகவே பூச்சிக்கொல்லி படாத தேனீ மகரந்தத்தைப் பொடித்து உலர்வாகவே ஒரு சிட்டிகை வையுங்கள். தண்ணீரில் கரைத்த தேனையோ சர்க்கரையையோ எப்போதும் கிடைக்கும்படி வையுங்கள். அவ்வப்போது செத்த பழ ஈ ஒன்றிரண்டு வைத்துப் பாருங்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ஈரமான மகரந்தம் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும், அதை மட்டும் அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பூஞ்சணம் வந்தால் ஆன்டிபயாட்டிக் கலந்த சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா? ஒருவர் யோசனை சொன்னார்.

தயவுசெய்து கொடுக்காதீர்கள். பூஞ்சணத்துக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, குடல் பாக்டீரியாவைத்தான் கொல்லும். போனது திரும்பி வருவதும் லேசில்லை. கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவரும் எறும்புக்குக் குடலில் அந்தப் பாக்டீரியா கிடையாது. மூத்த சகோதரிகளின் பின்புறத்திலிருந்து வரும் திரவத்தைக் குடித்துத்தான் பெறுகிறது. அதன் பிறகு இரைப்பைக்கும் குடலுக்கும் நடுவே ஒரு நுண்ணிய வடிகட்டி உருவாகிவிடும். 0.2 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட எதையும் அது உள்ளே விடாது. பாக்டீரியாவில் பெரும்பாலானவை அதைவிடப் பெரியவை. ஆக, வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

இதே காரணத்தால்தான் கூட்டுப்புழுக்களைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பொரிக்க வைக்கும் வழக்கத்தை இவற்றிடம் காட்டக் கூடாது என்கிறேன். மூத்த எறும்புகள் சில கூடவே இருந்தாக வேண்டும். பூஞ்சணத்துக்கு மருந்து காற்றோட்டமும் உலர்ந்த அறையும்தான்.

பாதி எறும்புகள் பக்கத்துக் குச்சிக்கு மாறிவிட்டன. கூட்டம் உடைந்துவிட்டதா?

இல்லை. காட்டில் ஒரே கூட்டம் பல குச்சிகளில் பிரிந்து வாழ்வது இவற்றின் வழக்கம். ராணி ஒன்றில் இருக்கும், புழுக்களும் காவலர்களும் மற்றவற்றில் பரவியிருக்கும். இரண்டு மூன்று கூடுகளைக் கொடுத்தால் கூட்டம் தெளிவாக வளரும். எல்லாவற்றையும் ஒரே கூட்டுக்குள் தள்ள முயல வேண்டாம்.

வேறு எறும்போடு ஒரே பெட்டியில் வைக்கலாமா? காட்டில் சேர்ந்து திரிவதாகப் படித்தேன்.

பிரேசிலின் செராடோ என்ற புல்வெளிக் காட்டுப் பகுதியில் செபலோட்டஸ் ஸ்பெக்குலாரிஸ் என்ற இனம், கிரெமடோகாஸ்டர் ஆம்ப்லா என்ற சண்டைக்கார எறும்பின் நடையையும் தோரணையையும் போலச் செய்து, அதன் பாதையிலேயே போய் அது கண்டுபிடித்த உணவைத் தின்கிறது. ஆனால் தொட்டுவிடாமல் ஒவ்வொரு முறையும் விலகி ஓடுகிறது. பெட்டிக்குள் விலகி ஓட இடம் ஏது? வேண்டாம்.

மூடியைத் திறந்தால் குதித்துவிடுமா?

கையை நீட்டினால் சில பிடியை விட்டுவிடும். 2005-இல் வெளியான ஆய்வில், உச்சிக்கிளையிலிருந்து விழுந்த செபலோட்டஸ் அட்ராடஸ் எறும்புகள் உடம்பின் பின்முனை முன்னால் வர, காற்றில் திரும்பி அதே மரத்தின் தண்டில் போய் ஒட்டிக்கொண்டது தெரிந்தது. ஆகவே பெட்டியை அகலமான வெள்ளைத் தட்டின் மேல் வைத்துத் திறங்கள், கீழே விழுந்தாலும் கண்ணில் படும். விளிம்பில் எறும்பு ஏற முடியாதபடி வழுக்கும் பிடிஎஃப்ஈ பூச்சு பூசுங்கள். ஈரப்பதம் ஏறினால் அதன் வழுக்கல் குறையும், அதனால் இறுக்கமான மூடியும் அவசியம்.

ராணி எங்கே கிடைக்கும்? அனுமதி இல்லாமல் அனுப்புவதாக ஒருவர் சொல்கிறார்.

அவரிடம் வாங்காதீர்கள். 2025-இல் கென்யாவில் ஆயிரக்கணக்கான ராணி எறும்புகளைக் குழாய்களில் அடைத்துக் கடத்தப் பார்த்த நால்வருக்கு நீதிமன்றம் தலா 10 லட்சம் ஷில்லிங் அபராதம் விதித்தது, கட்டாவிட்டால் ஓராண்டு சிறை. அவை வேறு இனம், ஆனால் வியாபாரம் இதே மாதிரிதான். ஒரு ராணியைப் பிடிப்பது ஒரு முழுக் கூட்டத்தை வராமலே செய்வது. பிடித்த நாட்டின் அனுமதியும், வந்து சேரும் நாட்டின் அனுமதியும் எழுத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கூட்டம் பெருகிவிட்டால் பாதியை வெளியே விடலாமா?

கூடவே கூடாது, உங்கள் ஊர் மரத்தில் அந்த இனம் இயல்பாக இருந்தாலும் சரி. பெட்டியில் வளர்ந்தவை உண்ணிகளையும் நோயையும் கொண்டுபோகக்கூடும். இடம் போதவில்லை என்றால் புதுக் கூடுகள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு மகரந்தத்தைக் குறையுங்கள். புழு வளர்ப்பு தானாகவே மட்டுப்படும்.